ஏசிக்கு வருஷா வருஷம் கேஸ் போடணுமா? வேலூர் வெயிலில் வீட்டுக் குளிர் மெஷின்கள்

ஏப்ரல் 19, இரவு

சத்துவாச்சாரியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி. வாங்கி நாலு வருஷம். ஒவ்வொரு கோடைக்கும் மெக்கானிக் வந்து 'கேஸ் தீர்ந்துபோச்சு, போட்டாத்தான் கூலிங் வரும்' என்கிறார். ஓட ஓட கேஸ் தீருமா? வேலூர் வெயிலுக்கு இதெல்லாம் சகஜம் என்று பக்கத்து வீட்டிலும் சொல்கிறார்கள்."

தீராது. ஏசிக்குள் இருக்கும் கேஸ் எரிவதும் இல்லை, செலவாவதும் இல்லை. மூடிய காப்பர் பைப்புக்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் போட்டால் அடுத்த கோடைக்குள் அதுவும் போய்விடும். வெயிலுக்கும் கேஸ் குறைவதற்கும் சம்பந்தமே கிடையாது.

ஏப்ரல் 20

அப்படியானால் உள்ளே என்னதான் நடக்கிறது என்று கேட்டிருக்கிறார். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இது புரிந்தால் மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தானாக வந்துவிடும்.

ஏசியோ ஃப்ரிட்ஜோ குளிரை உண்டாக்குவதில்லை. ஓர் இடத்தில் இருக்கும் வெப்பத்தை எடுத்து இன்னோர் இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறது, அவ்வளவுதான். வெப்பம் தானாகச் சூட்டிலிருந்து குளிருக்குத்தான் போகும். அதை எதிர்த்திசையில் தள்ளத்தான் கரண்ட் செலவு. போர் மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றுகிற வேலையேதான் இதுவும். நம் பக்கத்து போர் ஆழம் எல்லோருக்கும் தெரியும். ஆழம் கூடக் கூட மோட்டார் அதிகம் இழுக்கும், தண்ணீர் குறைவாக வரும். இங்கே ஆழம் என்பது அறைக்கும் வெளிக்கும் உள்ள சூட்டு வித்தியாசம்.

இன்றைக்கு வரும் ஏசிகளில் பெரும்பாலும் ஆர் 32 என்ற கேஸ். சாதாரணக் காற்றழுத்தத்தில் அது கொதிப்பது மைனஸ் 52 டிகிரியில். அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலை ஏறும், குறைத்தால் இறங்கும். மொத்த மெஷினும் இந்த ஒரு குணத்தில்தான் ஓடுகிறது. அறைக்குள் இருக்கும் காயிலில், அதாவது வளைத்து வளைத்து மடித்த பைப்பில், அழுத்தம் காற்றழுத்தத்தைப் போலப் பத்து மடங்கு. அந்த அழுத்தத்தில் ஆர் 32 சுமார் 7 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். ஆவியாக வெப்பம் வேண்டும், அதை அறைக் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. ஆவியைக் கம்ப்ரசர் இழுத்து, காற்றழுத்தத்தைப் போல முப்பது மடங்குக்கு மேல் போகும்வரை அழுத்துகிறது. அப்போது அதன் கொதிநிலை 50 டிகிரியைத் தாண்டிவிடும். அதனால்தான் வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும் அந்த ஆவியால் வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடி திரவமாக முடிகிறது. அந்தத் திரவம் ஒரு மெல்லிய கேபிலரி குழாய் வழியாகவோ எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாகவோ அழுத்தம் இறங்கி உள்ளே வருகிறது. மறுபடி அதே சுற்று.

40 டிகிரி வெயிலில் வெப்பத்தை வெளியே விட முடிவதுதான் எனக்கு இன்றுவரை வியப்பான விஷயம். கை வைக்க முடியாத மொட்டை மாடித் தளத்தில் நின்றுகொண்டு, உள்ளே 25 டிகிரி அறையில் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது ஒரு பெட்டி!

ஏப்ரல் 20, இரவு

டன் என்றால் எடையா என்று காட்பாடியிலிருந்து ஒரு கேள்வி. எடை இல்லை. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அதுதான் ஒரு டன். அமெரிக்க டன், அதாவது 907 கிலோ. கணக்குப் போட்டால் சுமார் 3.5 கிலோவாட் வரும். மெஷின் வருவதற்கு முன்பு குளிர் என்றால் ஐஸ்தானே. சென்னை கடற்கரையில் விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம் 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டியைச் சேர்த்துவைக்கக் கட்டியது. அந்தப் பகுதிக்கு இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர். அந்தக் கால அளவைத்தான் இன்னும் பெட்டியில் ஒட்டுகிறார்கள்.

ஏப்ரல் 22

ஓட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு.

முதலில் கண்ணாலேயே பாருங்கள். வெளி யூனிட்டின் பக்கவாட்டில் இரண்டு பித்தளை வால்வு இருக்கும், ஒன்றில் தடித்த பைப், ஒன்றில் மெல்லிய பைப். பைப்பை வால்வோடு இணைக்கும் பிளேர் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய கருப்புத் தூசியும் வளையமாக இருந்தால் பெரும்பாலும் லீக் அங்கேதான். கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கொஞ்சம் சுற்றிவரும். கேஸ் கசிந்து காற்றோடு போய்விடும், எண்ணெய் மட்டும் நட்டில் தங்கிவிடும். ஏசியை நிறுத்திவிட்டுச் சோப்பு நுரையைத் தடவி ஒரு நிமிஷம் பொறுத்துப் பாருங்கள். பெரிய லீக் என்றால் உடனே குமிழி வரும். சிறியது என்றால் நுரையில் ஊசிமுனை அளவு ஒரு புள்ளி மெதுவாக வெளுத்து வீங்கும். எங்கள் வீட்டில் கண்டுபிடித்தது அப்படித்தான்: மெல்லிய பைப்பின் நட்டுக்கு அடியில், குனிந்து பார்த்தால் மட்டுமே தெரிகிற இடத்தில்.

இன்னோர் அடையாளம்: கேஸ் குறைந்தால் ஏசி ஓடும்போது மெல்லிய பைப்பில் வெள்ளையாக ஐஸ் படியும். ஐஸைப் பார்த்ததும் "பாருங்க, எவ்வளவு கூலிங்!" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அது நோயின் அறிகுறி.

மெக்கானிக் செய்ய வேண்டிய வரிசை இதுதான். ஓட்டையை அடைக்க வேண்டும், நைட்ரஜன் அடித்து அழுத்தம் நிற்கிறதா பார்க்க வேண்டும், வேக்கம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும், பிறகு யூனிட்டில் ஒட்டியிருக்கும் பெயர்ப் பலகையில் போட்டிருக்கும் கிராம் கணக்குக்குத் தராசில் வைத்து கேஸ் ஏற்ற வேண்டும். வேக்கம் போடாமல் கொஞ்சம் கேஸையே ஊதிக் காற்றைத் தள்ளிவிடும் பழக்கம் நம் பக்கம் நிறைய. உள்ளே தங்கும் ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரசர் வைண்டிங்கை அரிக்கும். கெடுதல் அன்றைக்குத் தெரியாது, இரண்டு மூன்று கோடை கழித்துத் தெரியும். அதற்குள் மெக்கானிக் நம்பரை மாற்றியிருப்பார்.

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். வாசலில் வேக்கம் பம்ப் இல்லாமல் வந்து நிற்கிறவரை உள்ளே விடாதீர்கள்.

ஏப்ரல் 23

ஆர் 32 லேசாகத் தீப்பிடிக்கும் கேஸ் என்பதை நேற்று எழுத விட்டுப்போயிற்று. உள்ளே கேஸ் இருக்கும்போது பைப்பில் பற்றவைப்பு வேலை செய்யக் கூடாது. பக்கத்தில் பீடி, சிகரெட்டும் கூடாது.

ஏப்ரல் 27

சத்துவாச்சாரி நண்பர் பார்த்துவிட்டார். பிளேர் நட்டில்தான். பைப் முனையை வெட்டிப் புதிதாக விரித்து, வேக்கம் போட்டு, எடை போட்டு ஏற்றினார்களாம். வேறொரு மெக்கானிக். நல்ல வேலை.

கழிவு நீர் ஓடும் கால்வாய் ஓரம் வீடு இருக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அழுகின முட்டை நாற்றம் வருகிறதே, அந்த ஹைட்ரஜன் சல்பைடு காப்பரை அரிக்கும். ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கமும் தோல் கழிவு நீர் தேங்கும் இடங்களில் இதே நாற்றம் உண்டு. உள் காயிலில் ஊசி ஓட்டை அடிக்கடி விழுந்தால் மெக்கானிக்கை மட்டும் சந்தேகிக்க வேண்டாம், காற்றையும் சந்தேகிக்கலாம். கோட்டிங் போட்ட காயில் கிடைக்கும், மாற்றும்போது அதைக் கேளுங்கள்.

மே 5

கத்திரி பிடித்துவிட்டது. இப்போது வரும் கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரி: "கேஸ் சரியாக இருக்கிறது, சர்வீஸும் பண்ணியாயிற்று, மதியம் மட்டும் குளிரவில்லை."

வெளி யூனிட் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். அதுதான் முதல் கேள்வி.

ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து 5.3 கிலோவாட் வெப்பத்தை எடுக்கிறது. கம்ப்ரசர் இழுக்கும் ஒன்றரை கிலோவாட் கரண்டும் கடைசியில் வெப்பமாகத்தான் ஆகிறது. இரண்டும் சேர்ந்து ஏழு கிலோவாட் அளவுக்கு வெளி யூனிட் வழியாக வெளியேற வேண்டும். மூன்று கீசர்களை ஒன்றாகப் போட்ட அளவு வெப்பம். அது போவதற்கு வழி இல்லாவிட்டால் அந்தச் சூடான காற்றையே யூனிட் திரும்ப உறிஞ்சும். உறிஞ்சினால் அழுத்தம் இன்னும் ஏறும், கரண்ட் ஏறும், குளிர் குறையும், ஒரு கட்டத்தில் தற்காத்துக்கொள்ளக் கம்ப்ரசரே நின்றுவிடும்.

எங்கள் வீட்டில் முதலில் மாட்டிய இடம் இரண்டு சுவருக்கு நடுவில், மேலே தகர ஷீட், முன்னால் கிரில். மதியம் இரண்டு மணிக்கு அந்தச் சந்தில் நிற்க முடியாது, மூச்சு முட்டும். மொட்டை மாடிக்கு வடக்குச் சுவர் ஓரமாக மாற்றினோம். காற்று வெளியேறும் பக்கம் முழுக்கத் திறந்த வெளி. அதே ஏசி, அதே கேஸ், அதே அறை. மதிய நேரத்து முணுமுணுப்பு நின்றுவிட்டது.

பெட்டியில் எழுதியிருக்கும் டன் கணக்கு வெளியே 35 டிகிரி, உள்ளே 27 டிகிரி வைத்துச் சோதித்துப் போட்டது. வேலூரில் மே மாதம் 35 டிகிரி என்பது காலை பத்து மணி. மதியம் 42, 43 என்று செய்தியில் நம் ஊர் பெயர் வருவது வழக்கம். சூடான தளத்துக்கு மேலே யூனிட் இருந்தால் அதைச் சுற்றியுள்ள காற்று இன்னும் கூடுதல். அப்போது ஒன்றரை டன் பெட்டி ஒன்றரை டன் தராது. ஸ்டார் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் வெளி வெப்பமும் 24-ல் ஆரம்பித்து 43 டிகிரியோடு முடிகிறது. ஆக, நம் ஊர் உச்சி வெயில் அந்தக் கணக்கின் கடைசிப் படி.

மே 6

யூனிட்டுக்கு நிழல் கொடுக்கலாமா? கொடுக்கலாம், ஆனால் காற்றைத் தடுக்காமல். யூனிட்டுக்கு மேலே உயரமாக ஒரு ஓலைத் தட்டியோ பச்சை வலையோ போதும். முழுக்க மூடிக் கட்டி "வெயில் படாமல் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறவர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நிழலால் கிடைப்பது கொஞ்சம். காற்று அடைபட்டால் போவது நிறைய.

போர் தண்ணீரைக் காயில் மேல் தெளிக்கிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அன்றைக்குப் பலன் தெரியும். ஆனால் நம் ஊர்த் தண்ணீர் உப்பு. காய்ந்ததும் அலுமினிய இதழ்களுக்கு இடையே வெள்ளைப் பொருக்கு கட்டி நிற்கும், பிறகு காற்றே போகாது. வேண்டாம்.

மே 9

16-ல் வைத்தால் சீக்கிரம் குளிருமா? குளிராது. அறை சூடாக இருக்கும்போது 24-ல் வைத்தாலும் 16-ல் வைத்தாலும் இன்வெர்ட்டர் கம்ப்ரசர் முழு வேகத்தில்தான் ஓடும். 24 வந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 16 என்றால் வராத எண்ணைத் துரத்திக்கொண்டே இருக்கும். 2020 ஜனவரி முதல் புது ஏசிகளை ஆன் செய்தால் 24-ல் ஆரம்பிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம் என்பது மத்திய அரசின் மின்சிக்கன அமைப்பான பி.இ.இ. சொல்லும் கணக்கு. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் நம் மின் கட்டணத்தில் கணக்கே மாறிவிடும் என்பதால் இந்த மிச்சம் சின்ன விஷயம் இல்லை.

மே 10

நேற்று எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். 26 அல்லது 27-ல் வைத்து மேலே ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு 24-ஐ விட அதுதான் இதமாக இருக்கிறது. குழந்தைகள் போர்வையைத் தேடுவதும் இல்லை. ஏசி போட்டால் ஃபேன் போடக் கூடாது என்று யார் சொல்லிவைத்தார்களோ தெரியவில்லை.

மே 14

வேலூருக்கு ஏர் கூலர் போதுமா, ஏசிதான் வேண்டுமா என்று இதைப் படிக்கிறவர்களுக்குள் நீண்ட சண்டை போயிருக்கிறது. இரண்டு பக்கமும் சரிதான், மாதத்தைச் சொல்லாமல் சண்டை போடுவதுதான் கோளாறு.

கூலரில் கம்ப்ரசர் கிடையாது. தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் ஆவியாக முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான வெப்பம் போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். மே மாதம் மேற்கிலிருந்து வறண்ட காற்று வரும்போது வேலூரில் கூலர் நன்றாகவே வேலை செய்யும், சென்னைக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்தால்தான் பலன், ஈரக் காற்று வெளியே போக வழி வேண்டும். ஏசி அறைக்கு நேர் எதிர். ஐப்பசி, கார்த்திகையில் அதே கூலரைப் போட்டால் உடம்பு பிசுபிசுக்கும், அப்பளம் நமுத்துப்போகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் தண்ணீர் எப்படி ஆவியாகும்?

மே 21

ஃப்ரிட்ஜ் பக்கம் வருவோம். குடியாத்தத்தில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர் முழுக்க ஐஸ் மலை. சித்தி காய் நறுக்கும் கத்தியை எடுத்துக் கொத்தப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜில் அந்த ஃப்ரீசர் பெட்டிதான் காயில். அலுமினியத் தகட்டுக்குள்ளேயே கேஸ் ஓடும் வழி இருக்கிறது. தகட்டை உற்றுப் பார்த்தால் நரம்பு ஓடுகிற மாதிரி மேடாகத் தெரியும். கத்தி முனை அதில் பட்டால் "புஸ்" என்று ஒரு சத்தம் வரும், அதோடு ஃப்ரிட்ஜ் கதை முடிந்தது. ஐஸ் கட்டினால் டீஃப்ராஸ்ட் பட்டனை அழுத்திவிட்டு இரவு விட்டுவிடுங்கள். அவசரம் என்றால் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் உள்ளே வைத்துக் கதவைத் திறந்து வையுங்கள்.

மே 21, சற்று நேரம் கழித்து

"புஸ்" சத்தம் பழைய ஆர் 134ஏ கேஸ் ஃப்ரிட்ஜில் வரும். இப்போது வரும் பலவற்றில் ஆர் 600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சமையல் கேஸ் சிலிண்டரில் இருப்பதன் உறவுக்காரர். சில பத்து கிராம்தான் இருக்கும். சாதாரணக் காற்றழுத்தத்தில் அதன் கொதிநிலை மைனஸ் 12. ஃப்ரீசர் காயில் அதைவிடக் குளிராக இருக்க வேண்டும் என்பதால் அங்கே அழுத்தம் வெளிக்காற்றை விடக் குறைவு. அதனால் ஓடும்போது அந்தப் பக்கம் ஓட்டை விழுந்தால் கேஸ் வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகும். சத்தமே இல்லாமல் கம்ப்ரசர் சூடாகிக்கொண்டே இருக்கும். எந்த ஓட்டையை விடவும் மோசமான ஓட்டை இது, யாருக்கும் தெரியாது.

மே 23

ஃப்ரிட்ஜின் பக்கவாட்டு சுடுகிறது, ரிப்பேரா? இல்லை. முன்பு பின்னால் கருப்புக் கம்பி வலையாகத் தெரிந்த கண்டென்சரை இப்போது தகட்டுக்கு உள்பக்கம் ஒட்டிவிடுகிறார்கள். மாவு, குழம்பு, பால் எல்லாவற்றிலிருந்தும் எடுத்த வெப்பம் அந்த வழியாகத்தான் வெளியே வருகிறது. சுவரோடு ஒட்டி வைக்காமல் இரண்டு பக்கமும் ஒரு சாண் விடுங்கள். ஃப்ரிட்ஜ் தகட்டில் ஆணி, ஸ்க்ரூ எதுவும் அடிக்க வேண்டாம்.

ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்தால் சமையலறை குளிருமா என்று ஒரு பள்ளி மாணவர் கேட்டது அருமையான கேள்வி. முன்னால் எடுக்கும் வெப்பத்தைப் பக்கவாட்டில் அதே அறைக்குள் விடுகிறது, கூடவே கரண்டின் வெப்பமும் சேர்கிறது. மொத்தத்தில் அறை சூடாகத்தான் ஆகும்.

மே 24

கரண்ட் போய் உடனே வந்தால் ஃப்ரிட்ஜில் "டிக்... டிக்" என்று சத்தம் வருவது: கம்ப்ரசரின் இரண்டு பக்க அழுத்தமும் சமமாகச் சில நிமிஷம் ஆகும். அதற்குள் கரண்ட் வந்தால் அழுத்தத்தை எதிர்த்துச் சுற்ற முடியாமல் அதிகக் கரண்ட் இழுக்கும், ஓவர்லோடு விழுந்து காப்பாற்றும். தாமதம் வைத்த ஸ்டெபிலைசர் இதற்காகத்தான். கிராமத்துப் பக்கம் வோல்டேஜ் ஏறி இறங்கும் இடங்களில் கண்டிப்பாக வையுங்கள்.

ஜூன் 8

ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் பற்றித் தனிமடலில் கேட்டவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஏசியைத் திருப்பிப் போட்டதுதான் அது. வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து டேங்க் தண்ணீருக்குக் கொடுக்கிறது. நூறு லிட்டர் தண்ணீரை 27-லிருந்து 52 டிகிரிக்கு ஏற்ற சாதாரண கீசருக்கு 3 யூனிட் ஆகும். ஹீட் பம்புக்கு ஒரு யூனிட் அளவில் முடிந்துவிடும், மீதி காற்று தருவது. ஐரோப்பாவில் பனிக்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் காற்றிலிருந்து இழுத்து வீட்டையே சூடாக்குகிறார்கள். நமக்கு மார்கழி விடியலில்கூடக் காற்று அவ்வளவு குளிராது. மேலே போர் ஆழம் சொன்னேனே, அந்தக் கணக்கில் பார்த்தால் வேலூர் ஹீட் பம்புக்கு ஏற்ற ஊர்.

ஜூன் 11

ஏற்ற ஊர் என்றதும் நாலு பேர் விலை விசாரிக்கக் கிளம்பிவிட்டார்கள். கொஞ்சம் பொறுங்கள். இரண்டு நாளாக யோசித்ததில் எனக்குத் தோன்றுவது: நாலு பேர் இருக்கும் ஒரு சாதாரண வீட்டுக்கு இது தேவையில்லை. கோடையில் மாடி டேங்க் தண்ணீரே சுடும், ஆற வைத்துத்தான் குளிக்கிறோம். வெந்நீர் வேண்டியது வருஷத்தில் சில மாதம். அதற்காகக் கீசரைப் போலப் பல மடங்கு விலை கொடுத்தால் போட்ட பணம் திரும்பாது.

சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்களுக்கு, கல்யாண மண்டபங்களுக்கு, ஹாஸ்டல்களுக்கு நிலைமை வேறு. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்து வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு வருஷம் முழுக்கத் தினமும் வெந்நீர் வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் கீசர் வைப்பதை விட அங்கே ஹீட் பம்ப் சீக்கிரமே விலையைத் திருப்பித் தந்துவிடும்.

ஜூன் 12

லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவர் கேட்டது: மாடியில் சோலார் இருக்கிறது, போர் தண்ணீரில் குழாய் அடைத்துப்போகிறது, ஹீட் பம்பில் அந்தத் தொல்லை இராதா?

இருக்கும். தண்ணீரில் இருக்கும் கால்சியம் சூடாகும் இடத்தில்தான் படியும், சூடு எங்கிருந்து வந்தாலும். ஆனால் கீசர் ராடின் மேற்பரப்பு கொதிக்கிற சூடு, அதில் பொருக்கு வேகமாக ஏறும். ஹீட் பம்பின் காயில் 60 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், அதனால் படிவது மெதுவாக. வாங்கும்போது காயில் டேங்க் சுவரின் வெளியே சுற்றியிருக்கும் மாடலாகப் பாருங்கள், தண்ணீருக்குள் மூழ்கிய காயிலைச் சுத்தம் செய்வது கஷ்டம். முன்னால் ஒரு சாஃப்ட்னர் வையுங்கள். டேங்குக்குள் ஒரு மெக்னீசியம் ராடு இருக்கும், இரும்புக்குப் பதில் அது அரிபட்டுக் கரைவதற்காக வைத்தது. நம் உப்புத் தண்ணீரில் அது சீக்கிரம் கரையும். வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து, கம்பி மட்டும் மிஞ்சியிருந்தால் மாற்றிவிடுங்கள்.